திமிங்கிலத்தின் உணவுக் கணக்கு

திருச்சிராப்பள்ளித் தில்லை நகரில் யான் வாழும் இல்லத்திற்கு மாலை வேளைகளில் மாணவர் சிலர் தமிழ்ப்பாடம் கேட்க வருவதுண்டு. ஒரு நாள் கடல்வாழ் உயிர்களின் பெயர்களுக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தேன். "திமிங்கிலம் என்பது வடமொழியினின்று வந்த சொல். திமி என்பது பெருமீன்; கிலம் என்பது விழுங்குவது. ஆதலின், பெருமீனையும் விழுங்க வல்ல உயிர் என்பது இதன் பொருள். அத்திமிங்கிலத்தையும் விழுங்குவது ஒன்று உண்டெனக் கருதி, அதற்குத் திமிங்கிலகிலம் என்று முன்னோர் பெயரிட்டனர்" என்றேன். அப்போது மாணவன் ஒருவன், "ஐயா, திமிங்கிலம் மெய்யாகவே பெருமீனைத்தான் உண்கிறதா? ஆழ்கடலில் அஃது உண்பதைக் கண்டவர் யார்?" என்று வினவினான். சொல்லின் பொருளை அறிந்திருந்த எனக்கு, அவ்வுயிரின் இயல்பு தெரியவில்லை. "நூல்களைப் பார்த்து விடை கூறுவேன்" என்றேன். அவ்வாறு பார்த்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

திமிங்கிலம் மீன் அன்று. குட்டி ஈன்று பாலூட்டும் உயிர். நம்மைப்போல் நுரையீரலால் மூச்சு விடுவது. மூச்சு வாங்குவதற்காக அது நீரின் மேற்பரப்புக்கு வந்து போகும் சிறு பொழுதிலேதான் நாம் அதனைக் காண்கிறோம். இரை தேடுவதோ நீரின் உள்ளே. ஸ்பெர்ம் திமிங்கிலம் என்னும் இனம் 1,000 மீட்டருக்கும் கீழே சென்று இரை தேட வல்லது. அவ்வாழத்தில் கதிரவன் ஒளியும் இல்லை. காண்பார் கண்ணும் இல்லை. பின்னர், அஃது உண்பதை அறிவது எங்ஙனம்?

முற்காலத்தில், கொன்று வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதே வழியாக இருந்தது. 1966-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சோவியத் நாட்டு வேட்டைக் கப்பல்கள் அரபிக் கடலில் புகுந்து, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கொன்றன. அவ்வேட்டை நெடுங்காலம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. 1990-களிலேயே உலகிற்குத் தெரிய வந்தது. கொல்லப்பட்டவற்றின் வயிறுகளில் சிறு இறால்களும் மீன்களும் இருந்தன. அவை தென்துருவக் கடலுக்குச் செல்லாமல் அரபிக் கடலிலேயே இரையுண்டு வாழ்பவை என்னும் அரிய செய்தி அதனால் விளங்கிற்று. ஆயினும், ஒரு செய்தியை அறிய இருநூறு உயிர்களை அழிப்பது அறிவுக்குப் பெருமையாகுமா?

சில வேளைகளில் திமிங்கிலங்கள் தாமே கரையேறி உயிர் விடுகின்றன. நம் தமிழகத்தில் மணப்பாட்டுக்கு அருகே 1973-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் 147 பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. அப்பகுதியிலேயே 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் எண்பதுக்கு மேற்பட்டவை கரையேறின. மீனவர்களும் அதிகாரிகளும் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட முயன்றும், பல மாண்டன. இவ்வாறு இறந்தவற்றின் வயிற்றைச் சோதிப்பதில் கொலைப்பழி இல்லை; ஆனால், வேறொரு குறை உண்டு. வயிறு உரைப்பது கடைசியாக உண்ட உணவைப் பற்றியே. அதுவும் முழு உண்மை அன்று. மெல்லிய மீன்தசை விரைவில் செரித்துப்போம். கணவாயின் கடினமான அலகோ பல நாள் செரியாமல் கிடக்கும். வயிற்றில் அலகுகளை மட்டும் கண்டவர், "இது கணவாயன்றி வேறொன்றும் உண்ணாதது போலும்" என்று பிழைபட எண்ணுதல் கூடும். நேற்று உண்டதை மட்டுமன்றிப் பல வாரங்களாக உண்டதையும் பதிந்து வைத்திருக்கும் ஓர் ஏடு வேண்டும். அவ்வேடு திமிங்கிலத்தின் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அதுவே அதன் கொழுப்புப் போர்வை.

நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். அக்குளிரினின்று உடலைக் காப்பதற்கு இயற்கை திமிங்கிலத்துக்குத் தடித்த கொழுப்பு அடுக்கினை அளித்துள்ளது. வடதுருவக் கடலில் வாழும் ஓரினத்துக்கு இவ்வடுக்கு அரை மீட்டர் அளவுகூடத் தடித்திருக்கும். குளிர் காப்பது மட்டும் அதன் பணி அன்று. இரை மிகுந்த காலத்தில் திமிங்கிலம் உணவின் ஆற்றலை அங்கே சேர்த்து வைக்கும். இரை கிடையாத காலத்தில் அதனை எடுத்துச் செலவிடும். நம் உழவர் வீட்டுக் குதிர் எத்தகையதோ, அத்தகையது அது. குதிரைத் திறந்து பார்த்தால் அவ்வீட்டார் எவ்வகை நெல்லை விளைவித்தார் என்பது தெரிந்துவிடும் அன்றோ?

கொழுப்பு, உணவின் அடையாளத்தைக் காத்து வைப்பது நமக்குப் புதிய செய்தி அன்று. பசும்புல் மேய்ந்த பசுவின் வெண்ணெய் மஞ்சள் நிறம் மிகுந்திருக்கும். உலர்ந்த வைக்கோலையே தின்ற பசுவின் வெண்ணெய் வெளிறியிருக்கும். புல்லிலுள்ள நிறப்பொருள் கொழுப்பில் கரைந்து அதிலேயே தங்குவதே இதற்குக் காரணம். நிறத்தைக் கண்டே மேய்ச்சலை அறியும் இல்லத்தரசியர் இன்றும் உளர். வேதியியலார் திமிங்கிலத்தின் கொழுப்பில் செய்வதும் இதனை ஒத்ததே. ஆனால், அவர் நிறத்தோடு நில்லாமல் கொழுப்பைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கின்றனர்.

கொழுப்பைப் பிரித்தால் கொழுப்பு அமிலங்கள் என்னும் பொருள்கள் கிடைக்கும். ஒவ்வோர் அமிலமும் கரியணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் சங்கிலி போன்றது. சில சங்கிலிகளில் பதினான்கு கரியணுக்கள் இருக்கும். சிலவற்றில் பதினாறு, பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு என இருக்கும். கரியணுக்களை இணைக்கும் பிணைப்பு சில இடங்களில் ஒற்றையாகவும், சில இடங்களில் இரட்டையாகவும் அமையும். இவ்வேறுபாடுகளால் அமிலங்கள் பலவாகின்றன. கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகள் இவற்றுள் பலவற்றை ஆக்குகின்றன. பாசியின் இனம் வேறுபட்டால், அஃது ஆக்கும் அமிலங்களின் அளவும் வேறுபடும். பாசியைச் சிற்றுயிர் உண்கிறது. சிற்றுயிரை மீன் உண்கிறது. மீனைத் திமிங்கிலம் உண்கிறது. இவ்வமிலங்களுள் நீண்ட சங்கிலிகளை உடைய பல, பெரிதும் மாறாமலே ஓருடலினின்று மற்றோர் உடலுக்குச் சென்று சேர்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். வடகடல்களில் காலனஸ் என்னும் பெயருடைய சிற்றுயிர் ஒன்று கூட்டங்கூட்டமாக வாழ்கிறது. அதன் அளவு சில மில்லிமீட்டரே. இருபதும் இருபத்திரண்டும் கரியணுக்கள் கொண்டு, ஒரேயோர் இரட்டைப் பிணைப்புடன் அமையும் சங்கிலிகள் அதன் உடலில் மிகுதி. அவை அதற்கே உரிய முத்திரை போன்றவை. வடகடல் திமிங்கிலம் ஒன்றின் கொழுப்பில் அம்முத்திரை மிகுந்து காணப்பட்டால், அது காலனஸை உண்டது, அல்லது காலனஸை உண்ட மீனை உண்டது என்று துணியலாம். ஆயினும், ஒரு முத்திரையை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுவதில்லை. பல பத்து அமிலங்களின் அளவுகளை ஒருங்கே ஆராய்ந்து, எவ்வெவ்விரையை எவ்வெவ்வளவு உண்டிருந்தால் இவ்வமைப்பு உண்டாகும் என்று கணக்கிடும் முறையைச் சாரா ஐவர்சன் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் 2004-ஆம் ஆண்டு வெளியிட்டனர். உணவு இன்னதென்று முன்னரே தெரிந்த சீல் முதலிய உயிர்களிடம் அதனைச் சோதித்துப் பார்த்த பின்னரே, கடலில் திரியும் உயிர்களுக்கு வழங்கினர்.

இந்த ஆய்வுக்குத் திமிங்கிலத்தைக் கொல்ல வேண்டுவதில்லை. படகில் சென்று, உள்ளீடற்ற முனையுடைய சிற்றம்பு ஒன்றை அதன் முதுகில் எய்வர். சிறு துண்டுத் தோலையும் கொழுப்பையும் பெயர்த்துக்கொண்டு அம்பு நீரில் விழுந்து மிதக்கும். அவ்வளவே. ஆனால், இங்கும் விழிப்பு வேண்டும். கொழுப்புப் போர்வை மேலிருந்து கீழ்வரை ஒரே தன்மையது அன்று. தசையை அடுத்த உட்பகுதி அடிக்கடி புதுப்பிக்கப்படுவது; அண்மையில் உண்ட உணவை நன்கு காட்டுவது. தோலை அடுத்த வெளிப்பகுதியில் திமிங்கிலம் தன் உடலிலேயே ஆக்கிக்கொண்ட அமிலங்கள் மிகுதி. அம்பு எட்டுவதோ பெரும்பாலும் வெளிப்பகுதியை. ஆதலின், அறிஞர் அதனை மட்டும் நம்பாமல் தோலையும் ஆராய்கின்றனர். நைட்ரஜன் அணுக்களுள் எடை மிகுந்தது, எடை குறைந்தது என இருவகை உண்டு. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறுந்தோறும் எடை மிகுந்த அணுவின் பங்கு, ஆயிரத்துக்கு ஏறத்தாழ மூன்று என்னும் அளவில் உயரும். அதனைக் கொண்டு, அவ்விலங்கு இறாலை உண்டதா, மீனை உண்டதா, மீனை உண்ட பெருவிலங்கை உண்டதா என்று உய்த்துணரலாம். எச்சமும் ஒரு சாட்சியே. இலங்கைக் கடலில் திரியும் நீலத் திமிங்கிலங்களின் மலத்தை ஆராய்ந்து, ஆஷா டி வோஸ் என்னும் இலங்கை அறிஞரும் பிறரும் 2018-ஆம் ஆண்டு ஓர் உண்மையை வெளியிட்டனர். அவற்றின் உணவில் பெரும்பகுதி, நம் சந்தைகளில் சென்னாக்கூனி என விற்கப்படும் நுண்ணிறாலின் குடும்பத்தைச் சேர்ந்த இறால்களே.

மாணவன் கேட்ட வினாவிற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. உலகில் பிறந்த உயிர்களுள் மிகப் பெரியது எனப்படும் நீலத் திமிங்கிலம், தன் பெயர் உரைப்பதுபோலப் பெருமீனை விழுங்குவதன்று. கூனி இறாலை உண்டே 150 டன் எடைக்கும் வளர்வது. ஆயின், முன்னோர் கூறிய திமிங்கிலகிலம் முற்றும் பொய்யோ எனின், அன்று. ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கிலம் கூட்டமாகச் சென்று பிற திமிங்கிலங்களையும் வேட்டையாடுவது.

அவ்வோர்க்காவின் கொழுப்பு மற்றொரு செய்தியையும் கூறுகிறது. கனடாவின் மேலைக் கரையில் இருவகை ஓர்க்காக்கள் ஒரே கடலில் வாழ்கின்றன. ஒரு வகை மீனை உண்பது. மற்றது சீல் முதலிய பாலூட்டிகளை உண்பது. அவற்றின் கொழுப்பை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, தொழிற்சாலைகளில் ஆக்கப்பட்ட பி.சி.பி. என்னும் நச்சுப் பொருள் இரண்டிலும் இருந்தது தெரிந்தது. பாலூட்டிகளை உண்பவற்றில் அது மேலும் மிகுந்திருந்தது. உணவுச் சங்கிலியில் எவ்வளவு உயரத்தில் உண்கிறதோ, அவ்வளவு நஞ்சு சேர்கிறது. உணவைப் பதிந்து வைக்கும் ஏடு, மனிதன் கடலில் கலந்ததையும் உடன் பதிந்து வைத்திருக்கிறது.

இது தொலைவிலுள்ள நாட்டின் கதை மட்டும் அன்று. வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் உள்ளது. அக்கரையில் கிடைத்த டால்பின்களின் கொழுப்பை இந்திய அறிஞரும் ஜப்பானிய அறிஞரும் சேர்ந்து ஆராய்ந்து, 1993-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். டால்பின் என்பது திமிங்கிலத்தின் உறவினம். நம் பரதவர் அதனை ஓங்கல் என்பர். அவற்றின் கொழுப்பில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி தங்கியிருந்தது. கடலில் எவரும் டி.டி.டி. தெளிப்பதில்லை, ஓங்கலும் வயலுக்கு வருவதில்லை. பின்னர் அஃது எவ்வாறு சேர்ந்தது?

டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலுடையது என்பதை 1939-ஆம் ஆண்டு கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அது கொசுக்களை அழித்து, மலேரியாக் காய்ச்சலினின்று எண்ணற்ற மக்களைக் காத்தது. அந்நன்மையை மறத்தல் ஆகாது. ஆனால், அது நீரில் எளிதில் கரையாது. கொழுப்பிலோ நன்கு கரையும். எளிதில் அழிவதும் இல்லை. மழைநீரோடும் வண்டலோடும் ஆற்றில் இறங்கிக் கடலைச் சேர்ந்து, பாசியில் துளியாய்ப் புகுந்து, மீனில் பெருகி, ஓங்கலின் கொழுப்பில் குவிகிறது. இரை கிடையாத காலத்தில் அவ்வுயிர் தன் சேமிப்பை எடுத்துச் செலவிடும்போது, நஞ்சும் உடன் எழுந்து குருதியில் கலக்கிறது. இதனினும் கொடியது ஒன்றுண்டு. தாய் தன் கொழுப்பையே பாலாக்கிக் குட்டிக்கு ஊட்டுவதால், தான் சேர்த்த நஞ்சில் ஒரு பகுதியையும் அறியாமல் ஊட்டிவிடுகிறது. பலமுறை குட்டி ஈன்ற தாயின் கொழுப்பில், ஆணின் கொழுப்பிலிருப்பதைக் காட்டிலும் நஞ்சு குறைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. தாய் உண்ட நஞ்சு சேய்க்குச் சீதனமாகிறது.

இந்தியாவில் டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவது 1989-ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. நெல் வயல்களில் ஒருகாலத்தில் மிகுதியாகத் தூவப்பட்ட பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லி 1997-ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. இத்தகைய நிலைத்த நஞ்சுகளை ஒழிப்பதற்கு 2001-ஆம் ஆண்டு உலக நாடுகள் ஸ்டாக்ஹோமில் உடன்படிக்கை செய்தன. இவையெல்லாம் நற்செயல்களே. ஆயினும், சட்டம் தடுத்த நாளிலேயே கொழுப்பில் உள்ளது கரைந்து விடுவதில்லை.

மாணவர்களே! முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகிறது. திருவரங்கத்தை இரு மருங்கும் தழுவிச் செல்லும் அவ்விரு நீரும் வங்கக் கடலையே அடைகின்றன. கொள்ளிடம் கடலோடு கலக்கும் இடம் பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே, நெடுந்தொலைவில் இல்லை. ஆடிப்பெருக்கு நாளில் அம்மா மண்டபத்துறையில் நாம் காவிரிக்கு மலரும் மஞ்சளும் இடுகிறோம். ஏனைய நாள்களில் அவளிடம் நாம் இடுபவை யாவை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் ஆற்றில் விட்டதை நாம் மறந்து விடலாம். நீரும் அதனைக் கடத்திக்கொண்டு போய்விடலாம். கண் காணாத ஆழத்தில் வாழும் ஓர் உயிரின் கொழுப்பு அதனை மறப்பதில்லை. அக்கணக்கேட்டில் இனி நல்லவையே எழுதப்படுமாறு வாழ்வது நம் கடன்.