சேமவச்சும் பழைய மோட்டார் வண்டியும்

மோட்டார் வண்டி நம் நாட்டிற் புகுந்து ஒரு நூற்றாண்டிற்கு மேலாயிற்று. சென்னைச் சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பார் நீராவியால் இயங்கும் வண்டியொன்றைக் கட்டி ஓட்டியது 1903-ஆம் ஆண்டில். அக்காலத்தும் அதன்பின் ஐம்பது அறுபது ஆண்டுகளிலும் ஓடிய வண்டிகளுட் பெரும்பாலன பழைய இரும்புக் கடைக்குப் போய் ஒழிந்தன. எஞ்சிய சிலவற்றைத் தேடியெடுத்துப் பழுது நீக்கிப் பேணுவார் உலகெங்கும் உளர். அவர்கள் கழகமாகக் கூடி, ஆண்டிற்கு ஒருமுறையேனும் தம் வண்டிகளைச் சாலையில் இறக்கிப் பலநூறு மைல் ஒருங்கு சென்று மீள்வர். நம் நாட்டிலும் தில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையார் 1964-ஆம் ஆண்டிலேயே பழைய வண்டிகளின் ஓட்டமொன்றைத் தொடங்கினர். சென்னையிலும் இத்தகைய கழகம் உண்டு.

இவ்வண்டிகளுள்ளே 'ஸ்போர்ட்ஸ் கார்' எனப்படுவது ஒரு தனி இனம். இருவர் மட்டும் அமரத்தக்கது. கூரை இராது, இருப்பின் துணியாலாகி மடங்கும். விரைந்து செல்லவும் வளைவுகளிற் பிறழாது திரும்பவும் வல்லது. எம்.ஜி. கம்பெனியார் 1945 முதல் 1949 வரை செய்த டி.சி. என்னும் வண்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் சக்கரங்கள் மெல்லிய கம்பிகளை ஆரக்காலாக உடையன. அதன் உடலின் தகடு மரச்சட்டத்தின்மேல் அறையப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டு கடந்த மரச்சட்டத்தை மேடும் பள்ளமுமான சாலையில் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டுவது விளையாட்டன்று என்பது தச்சுத்தொழில் அறிந்தார்க்கு விளங்கும்.

இப்பயணத்தைப் பந்தயம் எனப் பலர் கருதுகின்றனர். பந்தயத்தில் முதலில் வந்தவன் யார் என்பதே வினா. கூட்டுப் பயணத்திலோ, கடைசி வண்டி வந்து சேர்ந்ததா என்பதே வினா. இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே இப்பயணத்தின் முறைகள் யாவும் பிறக்கின்றன. இவ்வேறுபாட்டை மறந்தால் விளைவது யாதென்பதற்கு 1907-ஆம் ஆண்டிற் பீக்கிங் நகரினின்று பாரிஸ் வரை நிகழ்ந்த ஓட்டமே சான்று.

அவ்வாண்டு ஜனவரித் திங்களில் பாரிஸ் நகரத்து 'லெ மாத்தேன்' என்னும் பத்திரிகை, பீக்கிங்கினின்று பாரிஸ் வரை மோட்டார் வண்டியிற் செல்ல வல்லார் உளரோ என ஓர் அறைகூவல் விடுத்தது. ஜூன் 10-ஆந் தேதி ஐந்து வண்டிகள் புறப்பட்டன. இத்தாலிய இளவரசர் போர்கேசே இத்தாலா என்னும் பெருவண்டியிலும், கோதார் என்பார் ஸ்பைக்கர் வண்டியிலும், வேறிருவர் தெதியோன் வண்டிகள் இரண்டிலும், ஓகுஸ்த் போன்ஸ் என்பார் மூன்று சக்கரமுடைய சிறு கோந்தால் வண்டியிலும் சென்றனர். ஒருவர்க்கொருவர் துணைசெய்ய வேண்டுமென்னும் பேச்சு புறப்படுமுன் எழாமலில்லை. எனினும் கோபிப் பாலைவனத்தை அடைந்தபோது அப்பேச்சு மணலிற் கலந்தது. போன்ஸின் சிறு வண்டி பின்தங்கிற்று, பெட்ரோல் தீர்ந்தது, முன்சென்றார் திரும்பி வரவில்லை. அவரும் அவருடைய துணைவரும் வண்டியை விட்டு நடந்து, நீரின்றிச் சோர்ந்து வீழ்ந்து, அப்பாலை வாழ் நாடோடி மக்களால் உயிர் பிழைத்தனர். (பிற்காலத்து இசையரங்குகளிற் புகழ் பெற்ற லிலி போன்ஸ் என்னும் பாடகி இவர்தம் மகளே.) சின்னாட்களிற் கோதாரும் அதே பாலையில் பெட்ரோலின்றி நின்று தவிக்க நேர்ந்தது.

போர்கேசே ஆகஸ்டு 10-ஆந் தேதி பாரிஸ் சேர்ந்து வெற்றி மாலை சூடினார். அவர் திறமை மறுக்கற்பாலதன்று. வழியில் அவர் வண்டியின் மரச்சக்கரம் முறிந்தபோது, ரஷ்ய நாட்டு நாட்டுப்புறத் தச்சர் ஒருவர் தம் கோடரி கொண்டே புதுச் சக்கரம் செய்து கொடுத்தார் என்பர். என் நெஞ்சில் வெற்றி மாலையினும் அத்தச்சரே நிலைத்து நிற்கின்றார்.

வழியில் முறியக்கூடியதை முன்னரே எண்ணி உடன்கொண்டு செல்லும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. நம் திருப்பத்தூருக்குத் தெற்கே உள்ள தருமபுரியே பண்டைத் தகடூர். அது அதியமான் நாடு. அவன் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 102-ஆம் பாட்டாக உள்ளது. உப்பு வாணிகராகிய உமணர் வண்டி பூட்டிப் புறப்படுகின்றனர். எருதுகளோ இளையன, பாரமோ பெரிது, பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் வேண்டும், வழியில் நேர்வதை யார் அறிவார்? ஆதலின் வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சினையும் கட்டிச் செல்கின்றனர். அதற்குச் சேமவச்சு என்று பெயர். பொகுட்டெழினி அத்தகையன் என்பது ஔவையார் கருத்து. மன்னன் மகனைச் சிங்கம் என்னாது, ஞாயிறு என்னாது, வண்டிக்கடியிற் கட்டிய மாற்றச்சு என்று புகழ்ந்தமை வியப்பே. கூட்டமாய் நெடுவழி சென்றார்க்கே அவ்வுவமையின் அருமை முற்றும் புலப்படும்.

இக்காலக் கழகத்தாரும் இதனையே செய்கின்றனர். புறப்படுமுன் இன்ன இன்ன உறுப்பு இன்னார் வண்டியில் என்று பகுத்துக்கொள்வர். ஒருவர் நீரிறைக்கும் பம்பும், ஒருவர் தீப்பொறி தரும் சுருளும், ஒருவர் விசிறி வாரும் ஏற்றிக்கொள்வர். ஒரே இனத்து வண்டிகள் பல சேர்ந்து செல்வதில் உள்ள நன்மை இது. வேற்றினத்து வண்டிகளும் சில வேளை உறவாகிவிடும். சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் செய்த ஹெரால்டு வண்டியை நம் பாட்டன்மார் குடும்ப வண்டியாக அறிவர். இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் வண்டி அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே. ஆகவே ஆங்கில நாட்டு ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு வேண்டிய உறுப்புச் சில சென்னைப் பழஞ்சரக்குக் கடையிற் கிடைத்தால் வியப்பில்லை.

நம் பகுதியார் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. முற்காலத்து வண்டிகளுட் பலவற்றில் எஞ்சினையும் சக்கரங்களையும் இணைக்கும் கிளட்ச் என்னும் உறுப்பு கூம்பு வடிவாய், தோல் போர்த்ததாய் இருந்தது. வண்டியின் ஆற்றல் முழுதும் அத்தோலின் பிடிப்பால் அன்றிச் சக்கரத்தை எட்டாது. தோல் உலர்ந்தால் திடுமெனப் பற்றி வண்டி துள்ளும். எஞ்சின் எண்ணெய் படிந்தால் வழுக்கி வண்டி நகராது. முன்னதற்கு ஆமணக்கெண்ணெய் தடவுவர். பின்னதற்கு எண்ணெயை உறிஞ்சும் களிமண் பொடி தூவுவர். தோலுக்கு எண்ணெய் எவ்வளவு, எப்போது என்பது ஆம்பூர், வாணியம்பாடித் தோற்கிடங்குகளில் அன்றாடப் பேச்சு. அவ்வறிவு மோட்டார் ஓட்டுவார்க்கும் ஒருகாலத்து இன்றியமையாததாயிருந்தது.

இனிச் சாலைக்கு வருவோம். சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருவழி வேலூரைக் கடந்தபின் பாலாற்றை ஒட்டிப் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி எனச் சென்று, பின் மெல்ல உயர்கின்றது. சமவெளியிற் பழைய வண்டிக்குப் பகை வெயிலே. சில வண்டிகளில் நீரைச் சுற்றிவிடப் பம்பும் இல்லை. சூடேறிய நீர் மேலெழ, குளிர்ந்த நீர் கீழிறங்க, தானே சுழலும். வண்டி விரைந்து சென்றாற் காற்றுப்பட்டு நீர் குளிரும். நெரிசலில் நின்றாற் கொதிக்கும். ஆதலின் காலை ஐந்து மணிக்கே புறப்பட்டு வெயில் ஏறுமுன் தங்குவதே அறிவுடையார் வழக்கம். பகலில் ஆம்பூரில் தங்குவார் வண்டியின் சூடு தணியவே தங்குகின்றனர் என்று நாம் நம்புவோமாக; பிரியாணி என்று ஒரு பொருள் அவ்வூரில் உண்டென்பதை அவர்கள் அறியாரோ?

பெட்ரோலும் வெப்பத்தால் இடர் செய்யும். எஞ்சினருகே செல்லும் குழாயிற் சூடேறி ஆவியாகி அடைத்துக்கொண்டால் வண்டி நின்றுவிடும். நனைந்த துணியைப் பம்பின்மேற் சுற்றிக் காத்திருத்தலே மருந்து. இப்போது நம் நாட்டிற் பெட்ரோலுடன் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கப்படுவதால் பழைய ரப்பர்க் குழாய்கள் இளகிக் கசியக்கூடும். அவற்றை முன்னரே மாற்றிவிடல் நலம்.

மலை ஏறுதலே உண்மைச் சோதனை. திருப்பத்தூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே பிரியும் ஏலகிரிச் சாலையிற் கொண்டையூசி வளைவுகள் 14. கபிலர், ஔவையார் முதலிய புலவர் பெயரும், பாரி முதலிய வள்ளல்கள் பெயரும் அவற்றிற்கு இட்டிருக்கின்றனர். தமிழ் கற்பார்க்கு இனிய மலை. ஆயிரம் மீட்டர் உயரத்தில் நீர் 100 டிகிரிக்குக் காத்திராது ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதிக்கும். ஃபோர்டு கம்பெனியாரின் டி மாதிரி வண்டியிற் பெட்ரோல் தாழ்விடம் நோக்கித் தானே வழிந்து எஞ்சினை அடைவதாகலின், தொட்டியிற் பெட்ரோல் குறைந்திருந்தாற் செங்குத்தான ஏற்றத்தில் அது முன்னோக்கி ஏறாது. வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றவேண்டும். இறங்கும்போது தடையை ஓயாது அழுத்தினாற் சூடேறிப் பிடிப்புக் குன்றும். ஏறிய கியரிலேயே இறங்குதல் பழையோர் விதி.

இத்தனை இடர்களுக்கிடையே கூட்டம் சிதறாதிருப்பது எவ்வாறு? முதலாவது, மெதுவான வண்டிக்கு ஏற்பவே நாளொன்றின் தொலைவை வகுப்பர். இரண்டாவதே சிறந்தது: ஒவ்வோர் ஓட்டுநரும் தமக்குப் பின்வரும் வண்டிக்குப் பொறுப்பாவர். திருப்பம் வந்தாற் பின்வருபவர் கண்ணிற் படும்வரை நின்று, பின்னரே திரும்புவர். முப்பது வண்டிகளின் நீண்ட வரிசையைத் தலைவர் ஒருவர் காத்தல் அரிது. தமக்குப் பின்னுள்ள ஒன்றை மட்டும் ஒவ்வொருவரும் காத்தல் எளிது. வரிசையின் கடையில் கருவிகளோடு கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் வருவார். அவருக்கு முன்னே எவரும் நின்றிருப்பின் அவரைக் கடந்து அவர் செல்லார். வழிகாட்டும் புத்தகம் ஒன்றும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். இன்ன மைலில் இன்ன கோயில், இடப்பக்கம் திரும்புக என்று சிறு படங்களுடன் சொல்லிச் செல்லும். பரிசில் பெற்ற பாணன் பிறிதொரு பாணனை ஆற்றுப்படுத்தும் நூல்களைக் கற்ற எமக்கு அது புதுவகை ஆற்றுப்படையாகவே தோன்றுகின்றது, வழியின் முடிவில் வள்ளல் ஒருவர் இல்லை என்பதொன்றே குறை.

அரசினரும் இவ்வண்டிகளைத் தனியே கருதுகின்றனர். 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, ஐம்பதாண்டு கடந்து உருமாறாதிருக்கும் வண்டிக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துக்கள் கொண்ட தனிப் பதிவெண் உண்டு. புதிதாய்ப் பதிவதற்குக் கட்டணம் ரூ. 20,000. அவ்வாறு பதிந்த வண்டியை நாள்தோறும் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கண்காட்சிக்கும், ஆராய்ச்சிக்கும், இத்தகைய ஓட்டங்களுக்கும், பெட்ரோல் நிரப்பவும் பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் இறக்கலாம்.

பீக்கிங் - பாரிஸ் வழி 1997-இல் மீண்டும் பழைய வண்டிகளால் தொடரப்பட்டது. இம்முறை திபெத், நேபாளம் கடந்து நம் இந்தியா வழியாகவும் சென்றனர். பழுது பார்ப்போர் வண்டிகளும் உடன் சென்றன. போன்ஸ் 1907-இல் விட்டுவந்த கோந்தால் வண்டி மட்டும் கோபி மணலிலிருந்து இன்றளவும் மீண்டதில்லை.