ஆறாத புண்ணும் பரவும் புற்றும்

விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இதனையே மருத்துவர்கள் அழற்சி என்கின்றனர். கிருமியை அழிக்கவும் சிதைந்த தசையைச் செப்பனிடவும் உடல் மேற்கொள்ளும் நல்ல முயற்சியே அது. ஆனால், வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும்.

புற்றுக்கட்டிகளினுள் வெள்ளணுக்கள் குழுமியிருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் வீர்ஹோ 1863ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் டுவோராக் 1986இல் புற்றுக்கட்டியை ‘ஆறாத புண்’ என்றே வருணித்தார். புண்ணை ஆற்ற வரும் அணுக்கள் புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும் பொருள்களைச் சுரக்கின்றன. அவ்வுதவியைக் கட்டி தனதாக்கிக் கொள்கிறது. மார்பகப் புற்றுள்ள எலிகளை ஆராய்ந்தவர்கள் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டனர். புற்றணு விடுக்கும் சைகையால் மாக்ரோபேஜ் என்னும் வெள்ளணு நெருங்கி வருகிறது. அது சுரக்கும் வளர்ச்சிப் பொருளோ புற்றணுவை நகரத் தூண்டுகிறது. இரண்டும் இணைந்தே இரத்தக் குழாயை நோக்கிச் செல்கின்றன. காவலனே கள்வனுக்கு வழிகாட்டும் கதைதான்!

நியூயார்க் மாநிலத்துக் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தார் 2018இல் வெளியிட்ட முடிவு மேலும் சிந்திக்கத்தக்கது. எலிகளின் நுரையீரலில் உறங்கிக் கிடந்த மார்பகப் புற்றணுக்கள், புகையிலைப் புகை மூட்டிய நீடித்த அழற்சியால் விழித்துப் பெருகின. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் கிருமிகளைப் பிடிக்க வலை வீசுவதுண்டு. அவ்வலையிலுள்ள நொதிகள் லாமினின் என்ற புரதத்தை வெட்ட, வெட்டுண்ட புரதம் உறங்கிய அணுக்களை எழுப்பிவிட்டது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிக் கூறுவது அவசரமாகும். எனினும், வீட்டுக்குள் புகைபிடிக்கும் கணவன்மார் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

அழற்சியைத் தணிக்கும் ஆஸ்பிரின் போதுமே என்று சிலர் கருதலாம். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 3,020 பேரைக் கொண்டு அதுவும் சோதிக்கப்பட்டது. நாள்தோறும் 300 மில்லிகிராம் உண்டும் நோய் திரும்புவது குறையவில்லை என 2024இல் அறிவித்தனர். தாமாக அதனை விழுங்குவோர்க்கு மிஞ்சுவது வயிற்றில் இரத்தக்கசிவு உண்டாகும் அபாயமே.

அழற்சி என்ற பெயரையே தாங்கிய மார்பகப் புற்று ஒன்றும் உண்டு. அரிதானது, விரைந்து பரவுவது. தோலின் நிணநீர்க் குழாய்களைப் புற்றணுக்கள் அடைப்பதால் மார்பு சிவந்து, சூடேறி, ஆரஞ்சுத் தோல் போல் தடித்துவிடும். கட்டி தட்டுப்படாமலும் இருக்கலாம். ‘பால் கட்டிக்கொண்டது’ என்று வீட்டிலுள்ளோர் ஆறுதல் கூறுவர். மருத்துவரும் கிருமித் தொற்றென எண்ணி மருந்து தருவதுண்டு. ஒரு வாரம், பத்து நாளில் சிவப்பு அடங்காவிடில், சிறு துண்டெடுத்துச் சோதிக்குமாறு தாய்மார்கள் கேட்கத் தயங்க வேண்டாம். பாலூட்டும் தாயாயினும் சரியே.