கொதிக்கும் றேடியேற்றரும் ஒரு சின்ன விசிறியும்

பெரும்போக அறுவடை முடிந்திருந்த ஒரு பங்குனி மாதம். ஆலையடிவேம்பிலிருந்து கல்முனைச் சந்தைக்குக் கத்தரி, வெண்டி, பயற்றங்காய் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பழைய வான் ஒன்று நிந்தவூரைத் தாண்டுமுன் ஆவி கக்கி நின்றுவிட்டது. வான் எமது பணியகத்துடையது. மரக்கறியோ, இடம்பெயர்ந்து திரிந்து மீளக்குடியமர்ந்த ஐந்து குடும்பங்களுடையது. சாரதித் தம்பி பதற்றத்தில் றேடியேற்றர் மூடியைத் திறந்தார். பீறிட்ட கொதிநீரில் அவரது கை முழங்கை வரை வெந்துவிட்டது. மரக்கறி வெயிலில் கிடந்து வாடியது. என்ஜினின் மேற்பாகம் வளைந்துபோனதால் அதைக் கழற்றிச் சீவி, புதிய காஸ்கெற் போட்டு முடிக்கும்போது, அக்குடும்பங்களின் கூட்டு நிதியில் ஒரு போகத்து மிச்சம் முழுவதும் கராஜில் போயிற்று.

விதைநெல்லையும் பசளையையும் பற்றி எழுதிவந்த நாம் இம்முறை வாகனத்தின் மூக்கிலிருக்கும் விசிறியைப் பற்றி எழுதுவது ஏன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வட்டைக்கும் சந்தைக்கும், இரவில் பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோவது எமது ஊர்களில் இத்தகைய பழைய வாகனங்களே. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் கொண்டுவர 2025 மாசியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் கையிலிருந்த பழையதைத் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர எவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. வழி திறந்த பின்னரும் புதிய வாகனத்தின் விலை எமது குடும்பங்களுக்கு எட்டும் விலையல்ல.

எமது வானுக்கு வந்த வியாதி சாதாரணமானது. என்ஜினோடு சுழலும் விசிறியின் நடுவில் ‘ஃபான் கிளச்’ என்றொரு பாகம் உண்டு. அதற்குள் இருக்கும் பிசுபிசுப்பான எண்ணெய்தான் விசிறியைப் பிடித்துச் சுழற்றுகிறது. எண்ணெய் கசிந்து போனால் விசிறி சோம்பலாகச் சுற்றும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிரவைத்துவிடும் என்பதால் குறை தெரியாது. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரையுள்ள கரையோர வீதியில் கடைத்தெருவுக்குக் கடைத்தெரு ஊர்ந்து போகும்போதுதான் வினை வரும். எமக்கும் அப்படித்தான் வந்தது.

புதிய கிளச் கிடைக்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் பழைய யப்பான் கார்களின் மின்விசிறி ஒன்றை வாங்கிப் பூட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். வாங்கினோம். அதைப் பூட்டியவர் வீட்டுக் கூரைக்குள் இழுக்கும் வயரை எடுத்து, திறப்புச் சுவிச்சிலிருந்து நேரே விசிறிக்கு இழுத்துவிட்டார். பியூஸும் இல்லை, றிலேயும் இல்லை. மூன்றாம் கிழமை திறப்பைச் சுற்றியிருந்த பிளாஸ்ரிக் உருகி மணந்தது. நல்லவேளை, புகையோடு நின்றது.

பிறகு நாம் போனது அக்கரைப்பற்றில் வயரிங் வேலை செய்யும் ஒரு நானாவிடம். அவர் அந்த வயரை வெட்டி எடுத்து எம் கையில் தந்தார். உள்ளே ஏழே ஏழு தடித்த செப்புக் கம்பிகள். இரண்டு அறுந்திருந்தன.

“சுவாமி, ஊடு ஆடாது, வாகனம் ஆடும். ஆடுற சாமானுக்கு மெல்லிய கம்பி நிறையக் கிடக்கிற வயர்தான் வேணும்” என்றார்.

அன்று அவரது கராஜில் வாங்கில் குந்தியிருந்து கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

விசிறி சிறிதென்று மின்சாரத்தையும் சிறிதாக எண்ணக்கூடாது. வானில் இருப்பது 12 வோல்ற் பற்றரி. பன்னிரண்டு அங்குல விசிறியொன்று ஓடிக்கொண்டிருக்கும்போது 6 முதல் 10 அம்பியர் வரை இழுக்கும். பெரியதானால் 15, 20 வரை போகும். சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இந்தச் சுமையைத் திறப்புச் சுவிச்சின் சின்னத் தகடுகள் நெடுநாள் தாங்கா.

வயரின் பருமனும் இங்குதான் முக்கியமாகிறது. வாய்க்கால் ஒடுக்கமானால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது என்பது விவசாயிக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போகவும் வரவுமாக 5 மீற்றர் நீளம், 1 சதுர மில்லிமீற்றர் பருமன் உள்ள செப்பு வயரில் 15 அம்பியர் ஓடினால் வழியிலேயே 1.3 வோல்ற் தொலைந்துவிடும். தொலைவது எங்கும் போகவில்லை. வயருக்குள் சூடாக நிற்கிறது. கணக்குப் பார்த்தால் சுமார் 20 வாற், அதாவது றேடியோ திருத்துபவரின் சின்ன ஈயம் பற்றவைக்கும் கோலின் சூடு. 4 சதுர மில்லிமீற்றர் வயரானால் இழப்பு மூன்றிலொரு வோல்ற்றுக்குள் அடங்கும். வயரில் மிச்சம் பிடித்த காசை விசிறியின் வேகத்தில் இழக்கிறோம். சிலவேளை வாகனத்தையே இழக்கிறோம்.

இனி றிலே. குளத்துத் துருசை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கைபிடியொன்றைத் திருக, பெருவெள்ளம் திறக்கிறது. றிலேயின் உள்ளேயிருக்கும் சுருளுக்கு ஐந்திலொரு அம்பியர் அளவு போதும். அது காந்தமாகி, 30 அல்லது 40 அம்பியர் தாங்கும் தகட்டை இழுத்து மூடும். பாரத்தைத் தடித்த வயர் சுமக்க, கட்டளையை மெல்லிய வயர் கொண்டுபோகிறது. றிலேயின் கால்களில் இலக்கங்கள் பொறித்திருக்கும். பற்றரியின் பொசிற்றிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ், அதிலிருந்து 30ஆம் காலுக்கு. 87ஆம் காலிலிருந்து விசிறிக்கு. விசிறியின் மற்ற வயர் எர்த்துக்கு. திறப்பைப் போட்டதும் மின்சாரம் வரும் ஒரு மெல்லிய வயர், சின்னப் பியூஸ் வழியாக 86க்கு. 85ஆம் காலிலிருந்து வெப்பச் சுவிச்சுக்கும் அங்கிருந்து எர்த்துக்கும். அவ்வளவுதான் முழு வேலையும். பத்து அம்பியர் இழுக்கும் விசிறிக்கு 20 அம்பியர் பியூஸ் போதும். பியூஸ் எரிகிறதென்று அதற்குப் பதிலாகச் சிகரெற் பெட்டித் தாளைச் சுற்றி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதிப் பயனில்லை.

ஐந்து கால் உள்ள றிலேயில் நடுவில் 87ஏ என்று ஒரு கால் உண்டு. றிலே ஓய்ந்திருக்கும்போதுதான் அது விசிறிக்கு மின்சாரம் தரும். அந்த நானாவைப் பார்த்துத் தைரியம் பெற்று, எமது பயிற்சிப் பிள்ளைகளோடு இன்னொரு காருக்கு நாமே வயரிங் செய்தபோது விசிறியை இதில் கொழுவிவிட்டோம். என்ஜின் குளிராக இருக்கையில் விசிறி அருமையாகச் சுற்றியது. எல்லோரும் கைதட்டினோம். சூடேறியதும் நின்றுவிட்டது!

வெப்பச் சுவிச்சில் 92, 87 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். 92 பாகையில் விசிறியைத் தொடக்கி 87இல் நிறுத்தும் என்பது பொருள். என்ஜினிலுள்ள தேர்மோஸ்ரற் 82இல் திறப்பதானால் இது பொருத்தம். தேர்மோஸ்ரற் திறக்கும் சூட்டைவிடக் குறைந்த எண்ணுள்ள சுவிச்சைப் பூட்டினால் விசிறி ஓய்வின்றிச் சுற்றிப் பற்றரியை உறிஞ்சும். பழைய சுவிச்சை வாங்குபவர்கள் வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். தண்ணீர்ச் சட்டியில் அதன் அடிப்பாகம் மட்டும் அமிழத் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியையும் வைத்து, பற்றரியோடு சின்ன பல்ப் ஒன்றைத் தொடுத்தால் எத்தனை பாகையில் எரிகிறது என்று கண்ணால் காணலாம். ஒற்றைக் கால் சுவிச்சு தன் புரியின் வழியாகவே எர்த் எடுக்கிறது. கசியாதிருக்கவென்று வெள்ளை ரேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகலாம்.

எர்த் என்பதில் எமது கரையோரத்தவர் கூடுதல் கவனம் வைக்கவேண்டும். உப்புக்காற்று மூன்று மாதத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்யும். பெயின்ற்றைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ற் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். வயரை முறுக்கி ரேப் ஒட்டும் மூட்டுகள் என்ஜின் சூட்டில் பிசின் இளகி அவிழும். குறட்டால் நெரித்துப் பொருத்தும் முனைகளே நல்லவை.

விசிறி எப்பக்கம் சுற்றுகிறது என்பதும் ஒரு கேள்வி. றேடியேற்றருக்கும் என்ஜினுக்கும் இடையில் பூட்டினால் அது காற்றை இழுக்கவேண்டும். றேடியேற்றருக்கு முன்னே பூட்டினால் தள்ளவேண்டும். வயர் இரண்டையும் மாற்றிக் கொழுவினால் இவ்வகை மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். வாகனத்தின் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். இரு வகையிலும் தாள் றேடியேற்றர்ப் பக்கம் இழுபடவேண்டும். இன்றும் ஓடும் பழைய மொரிஸ் மைனர் கார்களில் பொசிற்றிவ் முனையே பொடியோடு தொடுத்திருக்கும். மற்றக் கார்களைப்போல் கொழுவினால் அங்கு விசிறி தலைகீழாகச் சுற்றும். அவற்றின் டைனமோ தருவதும் 22 அம்பியர் அளவே. ஹெட்லைற்றும் பெரிய விசிறியும் ஒன்றாக எரிந்தால் இராப்பயணத்தில் பற்றரி இறங்கும். இப்படிப்பட்ட கார்களைத்தான் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கை வித்தையை எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை.

விசிறியோடு பிளாஸ்ரிக் ஊசிகள் தருவார்கள். றேடியேற்றரின் தகடுகளுக்குள் குத்தி இறுக்குவதற்காம். வேண்டாம். அதிர்வில் அவை குழாயைத் தேய்த்து ஓட்டையாக்கும். இரும்புப் பட்டி வளைத்துச் சட்டத்தோடு பூட்டுவதே மேல். பன்னிரண்டு அங்குல வட்டம் 113 சதுர அங்குலம். 16க்கு 20 அங்குல றேடியேற்றர் 320. ஆகவே தகரத்தால் ஒரு கூடு அடித்து மூடாவிட்டால் மூன்றிலொரு பங்கே காற்றுப் பெறும்.

இத்தனைக்கும் பிறகு, அடைபட்ட றேடியேற்றரை எந்த விசிறியும் காப்பாற்றாது. 2004 மார்கழி ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் கிணறுகள் பல உவரானதை நாம் அறிவோம். அந்த நீரை ஊற்றினால் உள்ளே சுண்ணமும் துருவும் படியும். கூலன்ற் வாங்க வசதியற்றவர்கள் வடித்த மழைநீரையாவது ஊற்றுங்கள். மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால் அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காமல் அடங்கி நிற்கிறது. திறந்தவுடன் அழுத்தம் போய், ஒரே கணத்தில் பொங்கும். எமது சாரதிக்கு நேர்ந்தது அதுவே. அரை மணித்தியாலமாவது பொறுத்து, ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கவேண்டும்.

இன்னொன்றையும் அந்த நானா செய்து தந்தார். 86க்குப் போகும் மெல்லிய வயரின் நடுவில், ஸ்ரியறிங்குக்குக் கீழே ஒரு சின்னச் சுவிச்சு. மாரியில் கிட்டங்கித் தாம்போதி போன்ற இடங்களில் வெள்ளத்துக்குள் வாகனத்தை இறக்கும்போது, சுற்றும் இதழ்களில் தண்ணீர் அடித்தால் அவை வளைந்து றேடியேற்றரைக் கிழித்துவிடும். இறங்குமுன் விசிறியை நிறுத்தவேண்டும். ஏறியதும் மறக்காமல் போடவேண்டும். சாரதித் தம்பியின் கை ஆறிவிட்டது. அந்தச் சுவிச்சின் மேல் வெள்ளைப் பெயின்ற்றால் ‘தண்ணி’ என்று எழுதி வைத்திருக்கிறார்.