அஞ்சு நாள், அஞ்சு மேட்ச், ஒரே கதவு

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல ஒவ்வொரு டீமும் மாசக்கணக்குல சீசன் ஆடி முடிச்ச பிறகு, மார்ச் மாசம் மறுபடியும் ஒரு டோர்னமென்ட் வரும். "யார் முதலிடம்னுதான் தெரிஞ்சுபோச்சே, திரும்பவும் எதுக்கு?"ன்னு தோணும். இன்னைக்கு அதைத்தான் பார்க்கப்போறோம்.

முதல்ல அடிப்படை. அங்க காலேஜ்கள் 'கான்ஃபரன்ஸ்'னு குழு குழுவாப் பிரிஞ்சு ஆடும். நாடு தழுவிய பெரிய போட்டி, என்.சி.ஏ.ஏ. டோர்னமென்ட். 2024ல அதுல 68 டீமுக்குத்தான் இடம் இருந்துச்சு. அதுல 32 இடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு. மீதி 36 டீமை ஒரு தேர்வுக் குழு பொறுக்கி எடுத்தது. அந்த சாம்பியன் யாருங்கிறதை புள்ளிப் பட்டியல் முடிவு பண்றதில்ல. இந்த மார்ச் டோர்னமென்ட்தான் முடிவு பண்ணுது.

இப்போ ஏ.சி.சி. கான்ஃபரன்ஸுக்கு வருவோம். 2024ல மொத்தம் 15 டீம். என்.சி. ஸ்டேட் 10வது இடம். சீசனோட கடைசி 4 மேட்ச்சும் தோல்வி. தேர்வுக் குழு இவங்களைக் கூப்பிட வாய்ப்பே இல்லை. முதல் 4 இடத்துல இருக்கிறவங்க நேரா கால் இறுதியில இறங்குவாங்க. 3 மேட்ச் ஜெயிச்சா போதும். 10வது டீமுக்கோ 5 நாள்ல 5 மேட்ச். ஒண்ணு தோத்தாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வாஷிங்டன்ல நடந்த அந்த டோர்னமென்ட்ல லூயிவில், சிராக்யூஸ், டியூக்னு வரிசையா ஜெயிச்சாங்க. அரை இறுதியில விர்ஜீனியாகிட்ட கிட்டத்தட்ட தோத்தாச்சு. கடைசி நொடியில மைக்கேல் ஓ'கானல் எறிஞ்ச மூணு பாயின்ட் ஷாட் போர்டுல பட்டு உள்ளே விழுந்துச்சு. ஆட்டம் ஓவர்டைம் போச்சு, ஜெயிச்சாங்க. ஃபைனல்ல முதலிடத்துல இருந்த நார்த் கரோலினாவை 84-76னு அடிச்சாங்க. 1987க்கு அப்புறம் அவங்களுக்கு இதுதான் முதல் ஏ.சி.சி. பட்டம்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம்: தோத்த நார்த் கரோலினாவுக்கு பெருசா நஷ்டம் இல்லை. அவங்க தேர்வுக் குழு வழியா எப்படியும் உள்ளே போயிருப்பாங்க, போனாங்க. நஷ்டம் வேற எங்கேயோ டிவி முன்னாடி உட்கார்ந்து, கடைசி இடமாவது கிடைக்காதான்னு காத்திருந்த ஒரு டீமுக்கு. என்.சி. ஸ்டேட் மாதிரி எதிர்பாராம ஒருத்தர் நுழைஞ்சா, வரிசையில கடைசியா நிக்கிறவங்க வெளியே.

ஒரு காலத்துல இது இன்னும் கொடூரமா இருந்துச்சு. அப்போ ஒரு கான்ஃபரன்ஸ்ல இருந்து ஒரு டீம்தான் போக முடியும். 1974 ஏ.சி.சி. ஃபைனல்ல மேரிலாந்து, இதே என்.சி. ஸ்டேட்கிட்ட ஓவர்டைம்ல 103-100னு தோத்துச்சு. நாட்டோட தலைசிறந்த டீம்கள்ல ஒண்ணா இருந்தும், என்.சி.ஏ.ஏ. கதவு சாத்திடுச்சு. ஜெயிச்ச என்.சி. ஸ்டேட் தேசிய சாம்பியனாவே ஆச்சு. அடுத்த வருஷமே போட்டியை 32 டீமா பெருசாக்கி, ஒரே கான்ஃபரன்ஸ்ல இருந்து ரெண்டாவது டீமும் வரலாம்னு விதியை மாத்தினாங்க.

2024 என்.சி. ஸ்டேட்? திறந்த கதவு வழியா நுழைஞ்சு, இன்னும் 4 மேட்ச் ஜெயிச்சு, தேசிய அரை இறுதி வரைக்கும் போயிட்டுதான் பர்டூகிட்ட நின்னாங்க.

அதனால அடுத்த மார்ச்ல இந்த மேட்ச் பார்க்க உட்கார்ந்தா, எந்த டீம் பெருசுன்னு பார்க்காதீங்க. தோத்தா எந்த டீமோட சீசன் அன்னைக்கே முடியுதுன்னு பாருங்க. ஆட்டத்தோட சூடு அங்கதான் இருக்கும்.