குதிரையும் கூன்வண்டும்

வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் ஓர் உயிரினம், மக்களின் தொழிலையும் வாழ்க்கையையும் அடியோடு மாற்றிவிடுவதுண்டு. வட அமெரிக்காவின் கொமாஞ்சி மக்களின் முன்னோர் நடந்தே சென்று வேட்டையாடி வந்தனர். ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகள் 1680ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவர்களிடமும் பரவின. அதன்பின் அவர்கள் பரந்த புல்வெளிகளில் குதிரைமீது விரைந்து காட்டெருமைகளை வேட்டையாடும் வலிமைமிக்க மக்களாயினர்.

நம் தோட்டப்புறங்களிலும் இத்தகைய மாற்றமொன்று நிகழ்ந்துள்ளது. அதை விளைவித்தது குதிரையைப்போல் பெரிய விலங்கன்று. எள்ளைவிடச் சற்றே பெரிய ஒரு கூன்வண்டாகும்.

செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா. நம் நாட்டில் வாணிப நோக்குடன் செம்பனையை முதன்முதலில் பயிரிட்ட தோட்டம், கோல சிலாங்கூர் மாவட்டத்திலுள்ள தென்னமரம் தோட்டமாகும். ஹென்றி ஃபோக்கோனியர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். மரம் வந்தது, ஆனால் அம்மரத்திற்குத் துணைநின்ற வண்டு உடன் வரவில்லை.

செம்பனையில் ஆண் பாளையும் பெண் பாளையும் தனித்தனியே தோன்றும். ஒரு மரத்தில் இவ்விரண்டும் ஒரே வேளையில் மலர்வது அரிது. ஆதலால் ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தின் பெண் பூவைச் சென்றடைதல் வேண்டும். காற்றே இப்பணியைச் செய்கிறது என நெடுங்காலம் நம்பினர். ஆயினும் பல தோட்டங்களில், குறிப்பாக இளமரங்களில், குலைகள் சரியாக நிரம்பவில்லை. எனவே வண்டு செய்யவேண்டிய வேலையை மனிதர் செய்ய நேர்ந்தது. தோட்டத் தொழிலாளர்கள், பெண்கள் உட்பட, ஆண் பாளைகளிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்தனர். அதை டால்க் மாவுடன் கலந்து, ஊதுகருவியால் பெண் பூக்கள்மீது தூவினர். பெண் பூ மகரந்தத்தை ஏற்கும் பருவம் ஓரிரு நாள்களே. ஆகவே ஒவ்வொரு மரத்தையும் மீண்டும் மீண்டும் சுற்றிப் பார்த்தாக வேண்டும். வெயிலிலும் முள்ளிலும் செய்த கடும் உழைப்பு அது.

கெமரூன் நாட்டில் இவ்வுழைப்பின்றியே குலைகள் நன்கு காய்ப்பதை யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன் கண்டிருந்தார். காரணத்தை ஆராயும் பொறுப்பு பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்குள்ள கூன்வண்டே மகரந்தத்தைச் சுமக்கிறது என்பதை அவர் கண்டறிந்தார். அவ்வண்டு ஆண் பாளையில் உண்டு, அதிலேயே முட்டையிட்டு வாழ்வது. பெண் பூவும் ஆண் பூவைப் போன்றே சோம்பு மணம் வீசும். அம்மணத்தால் ஈர்க்கப்பட்டுச் செல்லும் வண்டின் உடலிலிருந்து மகரந்தம் அங்கே உதிர்கிறது.

புதிய பூச்சியை ஆராயாமல் ஒரு நாட்டிற்குள் விடுதல் ஆபத்தாகும். ஆகவே அது பிற பயிர்களுக்குத் தீங்கு செய்யுமா எனச் சோதித்து, தனிமைப்படுத்தி வளர்த்த பின்னரே, 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜொகூரிலுள்ள குளுவாங் அருகே மாமோர் தோட்டத்தில் விடுவித்தனர். ஓரிரு ஆண்டுகளில் அது தீபகற்பமெங்கும் பரவியது. குலைகள் நிரம்பிக் கனத்தன.

மனிதர் கையால் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது. ஒரு கடும் உழைப்பு நீங்கியது உண்மையே. அவ்வேலைக்குரிய கூலியும் அதனோடு நீங்கிற்று. குலைகள் கனக்கவே, அவற்றை வெட்டிச் சுமப்போரின் பாரமும் கூடியது. குதிரையாயினும் வண்டாயினும், புதிதாய் வரும் உயிர் கொண்டுவரும் மாற்றம் ஒருபக்கமாக மட்டும் இருப்பதில்லை.

மாணவ நண்பர்களே! மலர்ந்த ஆண் பாளையைக் கண்டால் பெரியவர் துணையுடன் அருகில் சென்று உற்றுநோக்குங்கள். அதில் மொய்க்கும் சிறு கருவண்டுகளே ஒரு காலத்தில் நம் தாத்தா பாட்டியர் செய்த வேலையை இன்று செய்து வருகின்றன.