அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு கடிதம்

அமெரிக்காவின் ஒமாஹா நகரில் வாரன் பஃபெட்டின் அலுவலகச் சுவரில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தந்த பட்டம் கிடையாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலீட்டு அறிஞர் பெஞ்சமின் கிரகாமிடம் படித்து வாங்கிய முதுகலைப் பட்டமும் கிடையாது. அங்கே மாட்டியிருப்பது டேல் கார்னகியின் பேச்சுப் பயிற்சியை 1952 ஜனவரியில் முடித்ததற்கான சான்றிதழ். உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், தன் வாழ்க்கையை மாற்றிய படிப்பு இதுதான் என்று இன்றுவரை சொல்லிவருகிறார்.

இளம் வயதில் பஃபெட்டுக்கு நாலு பேர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் என்றாலே வயிற்றைப் புரட்டும். வாந்திகூட எடுத்திருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். பேச வேண்டிய இடங்களைத் தவிர்த்துத் தவிர்த்தே கல்லூரிக் காலத்தை ஓட்டினார். நியூயார்க்கில் படிக்கும்போது கார்னகி வகுப்பின் விளம்பரத்தைப் பார்த்து, நேரில் போய் நூறு டாலருக்குக் காசோலை கொடுத்துச் சேர்ந்தார். அறைக்குத் திரும்பியதும் பயம் பிடித்துக்கொண்டது, காசோலையை நிறுத்திவிட்டார். ஒமாஹாவுக்கு வந்த பிறகு அதே விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. இம்முறை நூறு டாலரை ரொக்கமாகவே ஆசிரியர் கையில் கொடுத்தார், மனம் மாறுவதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் அடுத்துச் செய்த காரியம். பயிற்சி முடிந்த கையோடு ஒமாஹா பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பு எடுக்கப் போனார். பாடம், முதலீடு. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அவரைவிட வயதில் மூத்தவர்கள். பேசாமல் இருந்தால் பழைய பயம் திரும்பி வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கார்னகியின் வகுப்பு பிறந்த விதமும் கவனிக்க வேண்டியது. 1912இல் நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் அவர் பாடம் எடுக்கத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே தயாரித்து வந்த பாடம் தீர்ந்துபோனது. நேரமோ மிச்சம் இருந்தது. உங்களுக்குக் கோபமூட்டிய ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று மாணவர்களை எழுப்பிவிட்டார். தயக்கத்தோடு எழுந்தவர்கள் தங்கு தடையில்லாமல் பேசினார்கள். சொல்வதற்குத் தன்னிடம் உண்மையாக ஒரு விஷயம் இருக்கும்போது நாக்கு தானாகப் புரள்கிறது என்பதை அவர் அன்றைக்குக் கண்டுகொண்டார்.

நம் கல்லூரிகளில் இதற்கு நேர் எதிரானதுதான் நடக்கிறது. நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வருவதற்குச் சில நாள் முன்னால் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ வகுப்பு. கை குலுக்கும் முறை, உட்காரும் முறை, பிறகு மனப்பாடம் செய்த சுய அறிமுகம். என் பலம் கடின உழைப்பு, என் பலவீனம் யாரையும் எளிதில் நம்பிவிடுவது என்று வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே வாசகத்தை ஒப்பிக்கிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். தான் செய்த புராஜெக்டைப் பற்றித் தன் நண்பனிடம் அவன் அரை மணி நேரம் அருமையாக விளக்குவான். அதை வெளியே கொண்டுவர யாருமே மெனக்கெடாமல், இலக்கணப் பிழையைத் திருத்துவதோடு நிறுத்திவிடுகிறோம்.

பேச்சுக்குப் பயந்த பஃபெட்டின் எழுத்துக்கு வருவோம். 1965இல் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனம் அவர் கைக்கு வந்தது. அதன் பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் அவர் எழுதிய கடிதங்களை, ஒரு பங்குகூட வைத்திராதவர்களும் உலகெங்கும் தேடிப் படித்தார்கள். எப்படி எழுதினார் என்பதை அவரே 1998இல் சொன்னார். அமெரிக்கப் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் ஆணையம், நிறுவனங்கள் எளிய ஆங்கிலத்தில் எழுதுவதற்காக ஒரு கையேடு வெளியிட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் பஃபெட். எழுத உட்காரும்போது தன் சகோதரிகளான டோரிஸையும் பெர்ட்டியையும் நினைத்துக்கொள்வேன் என்கிறார் அதில். அக்காவும் தங்கையும் புத்திசாலிகள், ஆனால் கணக்கியலிலோ நிதியிலோ நிபுணர்கள் அல்ல. எளிய மொழி அவர்களுக்குப் புரியும், துறைமொழி குழப்பிவிடும். இடம் மாறி உட்கார்ந்திருந்தால் தனக்கு என்ன சொல்லப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பாரோ, அதை அவர்களுக்குச் சொல்வதே தன் வேலை என்று எழுதினார்.

அக்கா தங்கைக்கு எழுதும்போது நஷ்டத்தை மறைக்க முடியாது. 1993இல் டெக்ஸ்டர் என்ற காலணி நிறுவனத்தை பெர்க்‌ஷயரின் பங்குகளையே விலையாகக் கொடுத்து வாங்கினார். அன்றைய மதிப்பில் சுமார் 43 கோடி டாலர். மலிவான இறக்குமதிச் செருப்புகளின் முன் அந்த நிறுவனம் தாக்குப்பிடிக்கவில்லை. கொடுத்த பங்குகளின் மதிப்போ பல மடங்கு ஏறியது. அதுவே தான் செய்த மிக மோசமான பேரம் என்று அவர் கடிதத்தில் பகிரங்கமாக எழுதினார். 1989ஆம் ஆண்டுக் கடிதத்தில் முதல் 25 ஆண்டுகளின் பிழைகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு. ஃபார்ச்சூன் பத்திரிகையின் கரோல் லூமிஸ் பல பத்தாண்டுகள் அந்தக் கடிதங்களைச் செப்பனிட்டுக் கொடுத்தார். அத்தனை பெரிய மனிதரும் தன் எழுத்தை இன்னொருவர் கண்ணுக்குக் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்பினார்.

அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004இல் உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்டை நிறுத்தியதும், எதையும் மறைக்காமல் தெளிவாக எழுத வேண்டும் என்ற இதே அக்கறையால்தான். புள்ளி வைத்த துண்டு வரிகளுக்குப் பின்னால் அரைகுறை யோசனை ஒளிந்துகொள்ளும்; முழு வாக்கியங்களில் ஆறு பக்கம் எழுதினால் ஒளிய இடமில்லை. அந்தப் பக்கங்களை எல்லோரும் அமைதியாகப் படித்து முடித்த பிறகே பேச்சு தொடங்கும். நல்ல குறிப்பு எழுத ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம், ஓரிரு நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பதால்தான் கெடுகிறது என்று பின்னாளில் பங்குதாரர்களுக்கு எழுதினார்.

இதெல்லாம் கோடீஸ்வரர்களின் கதை, நமக்கு எதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். திருப்பூரில் ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை எடுத்துக்கொள்ளுங்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் ஷேட், அதாவது நிறச் சாயல், மாறிவிட்டது. மறுபடி சாயம் ஏற்ற வேண்டும். ஷிப்மென்ட் தேதி தள்ளும். துணியை வாங்கும், ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு மெயில் போக வேண்டும். நலம் விசாரித்து, நீண்டகால உறவைப் போற்றி, தவிர்க்க முடியாத காரணங்களால் என்று சுற்றி வளைத்து, கடைசிப் பத்தியில் தாமதத்தை மெல்ல நுழைப்பதுதான் வழக்கம். அந்த பையருக்குத் தேவையானவை நான்கே விவரங்கள்: எந்த ஆர்டர், எத்தனை பீஸ், எத்தனை நாள், நல்ல ஷேட்டில் இருப்பதை முதலில் அனுப்பலாமா. இவற்றை முதல் வரியிலேயே, இன்றைக்கே எழுதினால், அவர் தன் கடைகளுக்குத் தகவல் சொல்ல அவகாசம் கிடைக்கும். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. கெட்ட செய்தியை உடனே எழுதுகிற ஆளை நம்பித்தான் அடுத்த ஆர்டர் வரும். எழுதத் தயங்குவதற்குக் காரணம் மொழியறிவுக் குறை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பயம். அதைப் பயிற்சியால் போக்கலாம்.

சென்னையில் பிறந்து பெப்சிகோவின் தலைமைக்கு உயர்ந்த இந்திரா நூயி யேல் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படித்தபோது, தகவல்தொடர்புப் பாடத்தில் தேறாமல் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது என்ற விதி இருந்தது. அது தனக்கு விலைமதிக்க முடியாத பயிற்சி என்று அவர் சொல்லியிருக்கிறார். தலைமைப் பொறுப்பேற்ற பின் தன் உயரதிகாரிகளின் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார்; உங்கள் பிள்ளை இங்கே இன்ன வேலை செய்கிறார், இப்படி வளர்த்துத் தந்ததற்கு நன்றி என்று. வாங்கிய பெற்றோர் பலர் நெகிழ்ந்து பதில் எழுதினார்கள்.

நம் பொறியியல் கல்லூரிகளிலும் முதலாண்டில் ஆங்கிலத் தாள் இருக்கிறது. எழுதித் தேறிவிடுகிறார்கள். நான் கேட்பது வேறு. ஒவ்வொரு மாணவரும் ஆய்வகத்தில் தான் செய்ததைப் பற்றி மூன்று நிமிடம் வகுப்பில் நின்று பேசட்டும், முதலில் தமிழில். பிறகு அதையே ஒரு பக்கம் எழுதட்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். வேறு துறை மாணவர் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தனக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் எழுதியவர் மீண்டும் எழுதட்டும். இதற்குப் புதுக் கட்டடமோ மென்பொருளோ வேண்டாம். கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அடுத்து வந்து சேரும் முதலாண்டு வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.