நால்வகை அழுகையும் தொலைவழி உளத்துணையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறத்தற்குரிய நிலைக்களன்களை நான்காகப் பகுத்துள்ளார். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையோ உரியவற்றையோ இழத்தல் இழவு. பழைய நிலை குலைந்து வேறு நிலைக்கு ஆளாகித் துன்புறுதல் அசைவு. துய்க்க வேண்டியவை இன்றி வாடுதல் வறுமை. மெய்ப்பாட்டியல் மருத்துவ நூலன்று. செய்யுளில் புலப்படும் உணர்வுகளையே அது ஆராய்கின்றது. ஆயினும், இழப்புத் துயர், வாழ்க்கை மாற்றம், மன அழுத்தம் என்று இன்றைய உளவியலார் பேசும் இடர்களுக்குத் தமிழில் நெடுங்காலமாகவே சொற்கள் உண்டு என்பதற்கு இப்பகுப்புச் சான்றாகும்.

அசைவு என்பதன் பொருளை ஜொகூர்த் தமிழர் வாழ்விலேயே காணலாம். பத்து பகாட், குளுவாங் ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் கூடுமிடம் ஆயர் ஈத்தாம். மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற இவ்வூரைச் சூழ்ந்த வட்டாரம் தோட்டங்கள் மலிந்தது. தோட்டத்தில் ஒருவர் இறந்தால் லயம் முழுவதும் அவ்வீட்டில் கூடும். ஒப்பாரி எழும், உரக்க அழுவதற்கு அங்கே இடமும் துணையும் இருந்தன. தோட்டங்கள் பல கைமாறியும் துண்டாடப்பட்டும் போனபின், மக்கள் நகரத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அடுத்த வீட்டாரும் அயலார் ஆயினர். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, சிங்கப்பூரில் வேலை செய்த ஜொகூர் மக்கள் பலர் குடும்பத்தைப் பிரிந்து அங்கேயே தங்க நேர்ந்தது. பெற்றோரின் ஈமச் சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்டோரும் உளர்.

இத்தகைய துயருக்குச் செவிகொடுக்கும் முறைகளுள் ஒன்றே இணையவழி உளத்துணை. இது மூவகைப்படும். முகம் பார்த்தோ தொலைபேசியிலோ நேரம் குறித்து உரையாடுவது ஒன்று. எழுத்தில் கேட்டு எழுத்தில் விடை பெறுவது மற்றொன்று. பாடங்களும் பயிற்சிகளும் அமைந்த திட்டத்தை ஒருவரின் வழிகாட்டுதலோடு வாரந்தோறும் செய்து முடிப்பது மூன்றாவது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு, வழிகாட்டியோடு கூடிய இணையவழிச் சிகிச்சை நேரில் பெறும் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒத்த பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வழிகாட்டி இல்லாத திட்டங்களிலோ பலர் இடையில் நின்றுவிடுகின்றனர். எனவே பயன் தருவது கருவி மட்டுமன்று. அக்கருவிக்கு அப்பால் இருக்கும் மனிதரும் ஆவார்.

துயர் நோயன்று என்பதையும் இங்கே தெளிதல் வேண்டும். அழுகை பெரும்பாலும் காலத்தால் ஆறும். இழப்பு நேர்ந்து ஆறு திங்களுக்கு மேலாகியும், அவரவர் பண்பாட்டு வழக்கையும் கடந்து, அன்றாட வாழ்வையே முடக்கும் கடுந்துயரையே உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய்ப்பகுப்பு தனிக் கோளாறாகக் கொள்கின்றது. அந்நிலையில், இறந்தவரைப் பற்றி முறையாகப் பேச வைத்தும், அஞ்சி ஒதுக்கிய இடங்களையும் பொருள்களையும் சிறிது சிறிதாக அணுக வைத்தும் துணைசெய்வர். இவற்றைத் திரை வழியாகவும் செய்யலாம்.

தொலைவினும் பெரிய தடை மொழியே ஆகும். தமிழர் துயரை உடம்பின்மேல் ஏற்றிச் சொல்வது வழக்கம். ‘நெஞ்சு அடைக்குது’, ‘மனசு பாரமா இருக்கு’ என்பர். ஈழத்தில் ‘பெருமூச்சு’ என்னும் சொல்லே மன வேதனையை உணர்த்தும். இவற்றைச் சொல்லுக்குச் சொல் மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்தால் நெஞ்சுநோய் என்றே பொருள்படக்கூடும். அதற்காக உடல்நோயை மறந்துவிடவும் கூடாது; நெஞ்சுவலியை முதலில் மருத்துவர் பார்த்தல் வேண்டும். உடம்பில் குறையில்லை என்றபின், அச்சொல்லின் உட்பொருளை உணரத் தமிழறிந்த செவி வேண்டும். சிற்றூரில் அத்தகையவர் கிடைப்பது எளிதன்று. கோலாலம்பூரிலோ ஜொகூர் பாருவிலோ உள்ள தமிழறிந்த ஆலோசகரை ஆயர் ஈத்தாமிலுள்ள ஒரு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே இம்முறையின் தலையாய நன்மை.

நாடுவோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரே ஆலோசகராகத் தொழில் செய்யலாம். பதிவெண்ணைக் கேட்பது தவறன்று. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்னும் எண்ணிலும் துணை பெறலாம். எந்த மொழியில் பேச இயலும் என்பதை முதலிலேயே கேட்டறிவது நன்று. வீட்டார் காதில் விழாத தனியிடமும் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்தவர்க்கும், மனம் பேதலித்தவர்க்கும் திரைவழிப் பேச்சு மட்டும் போதாது; அவர்களைத் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும்.

இதில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. மாணவனின் கட்டுரையில் துயரின் முதற் குறிப்பு வெளிப்படலாம். தாயொருத்தி பள்ளி வாயிலில் தன் மனச்சுமையைச் சொல்லலாம். ஆசிரியர் மருத்துவராக வேண்டுவதில்லை. இடைமறியாது கேட்டு, அது இழவோ, இளிவோ, அசைவோ, வறுமையோ என உணர்ந்து, உரியவரிடம் ஆற்றுப்படுத்தினால் போதும். துன்புற்றவருக்கு வழிகாட்டுவதை ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தது தமிழ்.